கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பவள்

எங்கள் தொழிற்சாலையில் இரண்டாம் லைனுக்குள் நுழையும் கதவுக்கு முன்னால் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெண் நிற்கிறாள். வெள்ளைத் தொப்பி, நீலக் கோட்டு, நெஞ்சுக்கு நேரே தூக்கிய ஒரு கை, அந்தக் கையின் மணிக்கட்டில் ஒரு பட்டை. அவளை வரைந்தது நான். அவளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. அந்த முகத்தின் மேல் வெள்ளை அடிப்பதா வேண்டாமா என்று ஏறக்குறைய ஒரு மாதம் இழுபறி நடந்தது. அந்த ஒரு மாதம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

ஒரகடத்தைச் சுற்றி எந்த ஃபேக்டரிக்குள் போனாலும் இப்படி ஒரு கண்ணாடி இருக்கும். ஷிஃப்ட் ஏறுமுன் அதன் எதிரே நின்று, தொப்பிக்குள் முடி அடங்கியிருக்கிறதா, கோட்டுப் பொத்தான் போட்டாயிற்றா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இன்னொன்றும் உண்டு. நாங்கள் செய்வது கார்களுக்குள் வைக்கும் எலக்ட்ரானிக் போர்டு. மனித உடம்பில் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் தங்கியிருக்குமாம். வெறும் கையால் தொட்டால் அது இறங்கி போர்டைக் கெடுத்துவிடும். அதற்காகத்தான் அந்த மணிக்கட்டுப் பட்டை. ஸ்ட்ராப் என்போம். அதிலிருந்து ஒரு ஒயர் மேசைக்குப் போகும். ஒயர் செருகும் இடம் மேசையின் இடப்பக்கம், ஸ்க்ரூடிரைவர் வலது கையில். ஆகவே ஸ்ட்ராப் இடது கையில்தான் கட்ட வேண்டும். இது எங்கள் லைனின் முதல் விதி.

புதிதாகச் சேரும் பெண்கள் முதல் வாரம் அதை வலது கையில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் இது நடக்கும். "சோறு துன்ற கை எது, மத்த கை எதுன்னு கூடத் தெரியாதா?" என்று சூப்பர்வைசர் கத்துவார். நான் சேர்ந்தபோது நானும் அப்படிக் கட்டினேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு லைன் லீடர் ஆனதும் புதுப் பெண்களைப் பார்த்து நானே அப்படிக் கத்தியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கண்ணாடிக்குப் பக்கத்தில் முன்பு ஒரு ஃபிளெக்ஸ் படம் இருந்தது. இன்டர்நெட்டிலிருந்து எடுத்த வெளிநாட்டு ஆண், சிவந்த கன்னம், எல்லாப் பல்லும் தெரியும் சிரிப்பு. தொப்பி, கோட்டு, ஸ்ட்ராப் எல்லாம் ஒழுங்காக மாட்டியிருப்பார். லைனில் நாங்கள் அத்தனை பேரும் பெண்கள். எனக்கு அடுத்த மேசையில் இருப்பவள் வாலாஜாபாத் பக்கத்துக்காரி, என் தோழி. "மாப்ள இன்னிக்கும் சிரிச்சினே கீறாரு" என்று அவள் தினமும் அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். பழைய ஆட்கள் யாரும் அவரைப் பார்த்து எதையும் சரிசெய்துகொள்வதில்லை. புதிதாக வந்தவர்கள்தான் அவரை ஒரு பார்வை, கண்ணாடியை ஒரு பார்வை என்று மாற்றி மாற்றிப் பார்த்து மாட்டிக்கொள்வார்கள்.

நான் படம் வரைவேன். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பின் அறிவியல் நோட்டில் இருந்த இதயமும் நுரையீரலும் நான் போட்டவை. ஃபேக்டரிக்கு வந்த பிறகு, கழித்துப் போட்ட செக்லிஸ்ட் தாள்களின் பின்பக்கத்தில் முகங்கள் வரைய ஆரம்பித்தேன். கேன்டீனில் சாப்பிட்டு முடித்து மணி அடிப்பதற்குள் ஒரு முகம் வந்துவிடும். வரைந்து கொடுத்தால் "அச்சு அசல்" என்று சொல்லிக் கைப்பையில் மடித்து வைத்துக்கொள்வார்கள். லைனில் நான் வரையாத முகம் ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது.

என் இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. ஏழாம் வகுப்பு படிக்கும்போது பம்ப்செட் தொட்டியில் வழுக்கி விழுந்து வாங்கியது. அந்த இடத்தில் புருவம் இரண்டாகப் பிளந்து நிற்கும். கண்ணாடியில் பார்க்கும்போது பெரிதாகத் தோன்றாது, பழகிவிட்டது. போட்டோவில் பார்த்தால்தான் ஆகாது. முகமே ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட மாதிரி, யாரோ ஒருத்தி என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஐடி கார்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் நடப்பேன். கல்யாணத்துக்காக எடுத்த போட்டோவில் ஸ்டுடியோக்காரர் என்னைக் கேட்காமலே தழும்பை அழித்துப் புருவத்தை நிரப்பிவிட்டார். பெண் பார்க்க வந்தவர் தனியாகப் பேசும்போது முதலில் சொன்னதே, "போட்டோல இது இல்லியே" என்பதுதான். "அப்போ ஸ்டுடியோக்காரரக் கட்டிக்குங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பேச்சு பல நாள் உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் சேஃப்டி ஆபீசர் திருநெல்வேலிக்காரர். மூலை பிய்ந்து தொங்கிய ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் வந்தார். "ஏம்மா, நீ நல்லா படம் போடுவியாம்லா. இந்த வெள்ளக்காரனத் தூக்கிட்டு நம்ம புள்ள ஒண்ண சுவத்துல வரைஞ்சு தாயேன். மூஞ்சிலாம் வேண்டாம், சும்மா முட்ட மாதிரி போட்டாப் போதும்."

லைனில் மாடல் மாற்றுவதற்காக இரண்டு நாள் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். மற்றவர்களை அடுத்த லைனுக்கு அனுப்பிவிட்டு எனக்கு மட்டும் அந்த இரண்டு நாளைக் கொடுத்தார்கள். ஸ்டோரிலிருந்து பெயிண்ட் வந்தது. தரையில் கோடு போடுவதற்கு வைத்திருக்கும் மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். எங்கள் தோலின் நிறத்தை அதற்குள்ளிருந்துதான் கலந்து எடுக்க வேண்டியிருந்தது. அது ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிட்டது. வராதது ஆள். தோழியை நிற்கச் சொல்லலாம் என்றிருந்தேன், அவளை விட மாட்டோம் என்றுவிட்டார்கள். பக்கத்திலேயே கண்ணாடி இருந்தது. தொப்பி, கோட்டு, ஸ்ட்ராப் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். கால் வலிக்கிறது என்று சொல்லாத, டீ கேட்காத ஆள் கிடைத்தாள். ஸ்ட்ராப் கட்டிய இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் வரைந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் உடம்பு முடிந்தது. தலைக்கு அவர் சொன்ன முட்டையைப் போட்டேன். தள்ளி நின்று பார்த்தால் சோளக்கொல்லை பொம்மைக்குக் கம்பெனி கோட்டு மாட்டிய மாதிரி இருந்தது. இதைப் பார்த்து யார் எதைச் சரிசெய்துகொள்வார்கள்? மறுநாள் காலையில் வந்ததும் முட்டைக்குள் முகம் வைக்க ஆரம்பித்தேன். யார் முகம் என்று யோசிக்கக்கூட இல்லை. கண்ணாடியில் இருந்த முகம்தான்.

அன்றைக்குத்தான் என்னை நானே முதல் முறையாகப் பார்த்தேன் என்றால் நம்ப வேண்டும். அதுவரை கண்ணாடி பார்த்ததெல்லாம் பொட்டைப் பார்த்தது, வகிட்டைப் பார்த்தது, அவ்வளவுதான். அடுத்தவர் முகத்தை வரையும்போது மூக்கு எங்கே திரும்புகிறது, கன்னத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று எவ்வளவு பொறுமையாகப் பார்ப்பேன். அந்தப் பொறுமையை என் முகத்துக்கு நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. என் உதட்டில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. கண் கொஞ்சம் பெரிது, நல்ல கண். தழும்பு வந்த இடத்தில் பிரஷ் தயங்கியது. விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? உடனே அந்த ஸ்டுடியோக்காரர் ஞாபகம் வந்தது. கோபம் வந்தது. ஒரே கோடாக இழுத்துவிட்டேன். அந்தக் கோடு விழுந்ததும்தான் முகம் பொருந்தி உட்கார்ந்தது.

கோட்டுப் பாக்கெட்டின் மேல் இருக்கும் கம்பெனி எழுத்து மட்டும் கண்ணாடியில் திருப்பித் தெரிந்தது. அதை எழுதாமல் வெறும் பட்டையாக விட்டுவிட்டேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

மறுநாள் லைன் ஓட ஆரம்பித்ததும் கதவருகே கூட்டம் கூடிவிட்டது. தோழி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏய், இது நீ தான். ஆனா இன்னாவோ ஒரு மாரி கீதுடி." கிட்டே போய்ப் பார்த்தாள். "தழும்பு பக்கம் மாறிக் கீது."

"அதெல்லாம் மாறல. எனக்கு இன்னா என் தழும்பு எங்க கீதுன்னு தெரியாதா?" என்றேன்.

அவளோடு வாதாடி முடிப்பதற்குள் குவாலிட்டி மேனேஜர் வந்துவிட்டார். மெட்ராஸ்காரர், நெற்றியில் விபூதி இல்லாமல் பார்க்க முடியாது. படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "ஸ்ட்ராப் எந்தக் கைல இருக்கு?" என்று கேட்டார். எதிரே நிற்கும் ஆளாக நினைத்துப் பார்த்தால், படத்தில் இருந்தவள் ஸ்ட்ராப்பை வலது கையில் கட்டியிருந்தாள். "எட்டு வருஷமா லைன்ல இருக்கீங்க. லைன் லீடர் வேற. எந்தக் கைன்னு உங்களுக்கே தெரியலன்னா புதுசா வர்றவங்களுக்கு யார் சொல்லித் தருவாங்க?"

அத்தனை பேர் முன்னால் கேட்டார். அடுத்த மாதம் கஸ்டமர் ஆடிட், எங்கள் போர்டை வாங்கும் கம்பெனி வந்து சோதிக்கும் நாள். அதற்குள் புது ஃபிளெக்ஸ் வரும், அது வந்ததும் இதை வெள்ளை அடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, "இதுல சொந்த முகம் வேற" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. வீட்டில் அம்மாவிடம் சொன்னால் அவர் வேறு, "உசுரோட கீறவ படத்த எவனாவது செவுத்துல போடுவானா? அழிச்சா அழிக்கட்டும், நல்லதுதான்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு முகம் அழிவதைவிட அந்தக் கேள்விதான் ஆறவில்லை. எட்டு வருஷம் தினமும் இடது கையில் கட்டியவள் எப்படி வலது கையில் வரைவேன்? பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றேன். இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினேன். கண்ணாடிக்குள் இருந்தவளும் அதே பக்கத்துக் கையைத் தூக்கினாள். ஆனால் அவளை எனக்கு எதிரே நிற்கும் இன்னொருத்தியாக நினைத்தால் அது அவளுடைய வலது கை. தழும்பும் அப்படியே. நான் வரைந்தது கண்ணாடியில் இருந்தவளை. ஊரார் பார்க்கும் என்னை அல்ல.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தோழி சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அவளுக்குத் தெரிந்த என் முகத்தில் தழும்பு ஒரு பக்கம், எனக்குத் தெரிந்த என் முகத்தில் மறுபக்கம். போட்டோவில் இருப்பவள் யாரோ மாதிரித் தெரிந்ததற்கும் இதுதான் காரணம். அந்தப் போட்டோ முகத்தைத்தான் ஊரே நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும்தான் அவள் அந்நியம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முகமும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. போனில் தேடிப் பார்த்தேன். அந்தக் காலத்து ஓவியர்கள் பலர் தங்களைத் தாங்களே வரைந்த படங்களில் பிரஷ் இடது கையில் இருக்குமாம். அவர்களும் கண்ணாடியைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். பெரிய ஆட்கள் செய்த தவறைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று தெரிந்ததும், சொல்வதற்கென்ன, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் இதை மேனேஜரிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரிப்பார்கள். சேஃப்டி ஆபீசரிடம் மட்டும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அட, பத்து நிமிச சோலிம்மா. பட்டைய மட்டும் அழிச்சிட்டு மத்தக் கைல போட்டுரு" என்றார். செய்திருக்கலாம். அடுத்த பேட்ச் வரட்டும் சார், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஏன் தள்ளிப்போட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது. தொட மனம் வரவில்லை, அதுதான் உண்மை.

அடுத்த திங்கட்கிழமை புது பேட்ச் வந்தது. பதினோரு பெண்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்த களைப்போடு கண்ணாடி முன்னால் வரிசையில் நின்றார்கள். படத்தை ஒரு பார்வை, கண்ணாடியை ஒரு பார்வை. கத்துவதற்குத் தயாராக நான் கதவருகே நின்றேன். முதல் பெண் இடது கையில் கட்டினாள். இரண்டாவது பெண்ணும் இடது கை. பதினோரு பேரும் இடது கை. எட்டு வருஷத்தில் நான் பார்த்திராத ஒன்று.

அவர்கள் படத்தைப் பார்த்துக் கட்டவில்லை, கண்ணாடியில் தெரிந்த தங்களைப் படத்தோடு பொருத்திக் கட்டினார்கள். கண்ணாடியில் இருப்பவள் படத்தில் இருப்பவளைப் போல ஆகும்வரை திருத்தினார்கள். என் படமும் கண்ணாடிக்குள்ளிருந்து வந்தது, அதனால் பொருந்தியது. பழைய மாப்பிள்ளை எதிரே நிற்கும் ஆள். அவருடைய இடது கை பார்ப்பவர்களுக்கு மறுபக்கம். அவரைப் போலவே கண்ணாடியில் தெரிய வேண்டும் என்று பொருத்தினால் வலது கையில்தான் போய் முடியும். இத்தனை வருஷமும் தவறு அந்தப் படத்தில் இருந்தது. திட்டு வாங்கியது மட்டும் நாங்கள். என்னை அழ வைத்த சூப்பர்வைசரும், பிறகு நான் அழ வைத்த பெண்களும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள்.

ஃபிளெக்ஸ் வந்த அன்று மேனேஜரும் வந்தார். இரண்டு பேர் கண்ணாடியின் மறுபக்கச் சுவரில் அதைப் பிரித்துப் பிடித்தார்கள். இந்தத் தடவை ஒரு பெண், அதே பல் சிரிப்பு, விதிப்படி இடது கையில் ஸ்ட்ராப். கீழே வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் தயாராக இருந்தன.

"சார், ஒரு நிமிஷம். நீங்க ஸ்ட்ராப் கட்டி கண்ணாடி முன்னால நில்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் கட்டினார். இடது கையில் கட்டிக்கொண்டு தூக்கிக் காட்டினார்.

"இப்போ கண்ணாடில கீற உங்களயும் புதுப் படத்தயும் பாருங்க சார். அதே மாதிரி கீதா?"

பார்த்தார். கண்ணாடியில் ஒரு பக்கம் கை தூக்கியிருந்தது, ஃபிளெக்ஸில் மறுபக்கம். அவர் அறியாமலே இடது கையை இறக்கி வலது கையைத் தூக்கினார். பொருந்தியது. தூக்கிய தன் வெறும் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்போ இந்தப் படத்தப் பாருங்க" என்றேன்.

அவர் மீண்டும் இடது கையைத் தூக்கினார். பதினோரு பெண்கள் முதல் தடவையே சரியாகக் கட்டியதைச் சொன்னேன். சேஃப்டி ஆபீசர், "ஆமா சார், நானும் பாத்தேன்" என்றார். மேனேஜர் ஃபிளெக்ஸைச் சுருட்டச் சொன்னார்.

"கை சரிதாம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். அத்தனை பேர் முன்னால் சொன்னார், அதற்கு அவருக்கு நன்றி உண்டு. ஆனால் அடுத்த மூச்சில், "முகம் மட்டும் வேணாம். கம்பெனி சுவத்துல ஒரு ஆளோட முகம் இருந்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. அதை மட்டும் வெள்ளை அடிச்சுடுங்க" என்றார்.

டப்பாவைத் திறந்தேன். பிரஷை முக்கி எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். என் உயரம்தான் அவளும். பிளந்த புருவம், பிடிவாத உதடு, நல்ல கண். கை எழவே இல்லை. நான் அழகு என்று நினைத்த ஒரே முகம் அது, அதை நான் கண்டுபிடித்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெள்ளை என் ஷூவில் சொட்டியது.

"என்னால முடியாது சார்" என்றேன். "கண்ணாடில என்னப் பாத்து வரைஞ்சதாலதான் கை சரியா வந்துச்சு. வேணும்னா நீங்க அடிங்க." பிரஷை நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். மேனேஜர் பிரஷை முகத்துக்கு நேரே கொண்டுபோனார். அவள் அவரை நேராகப் பார்த்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்து வரைந்தவளுக்கு வேறு எப்படிப் பார்க்கத் தெரியும்? பிரஷ் கண்ணுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பிறகு இறங்கியது.

"கண் திறந்த முகத்த எப்படிம்மா மூடறது" என்றார். அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. பிரஷை டப்பாவின் மேல் குறுக்காக வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். "இருந்துட்டுப் போகட்டும். ஆனா கீழ உங்க பேரு மட்டும் எழுதிடாதீங்க."

"பேரு இன்னாத்துக்கு சார்?" என்றேன். "டெய்லி காலைல நானே வந்து பக்கத்துல நிக்கிறேனே."